கொஞ்சம் இப்படி வாங்க, ஒரு விஷயம் பேசணும்

பாகப்பிரிவினை நடக்கிற வீட்டுக்குப் போயிருப்பீர்கள். கூடத்தில் அண்ணன் ஒரு மூலை, தம்பி ஒரு மூலை. நடுவில் ஜமக்காளம், ஜமக்காளத்தில் பெரியவர்கள், பெரியவர்கள் நடுவில் வெற்றிலைத் தட்டு. மூன்று மணி நேரமாகக் கிணறு யாருக்கு என்கிற இடத்திலேயே வண்டி நிற்கும். அப்போது ஒரு மாமா எழுந்து, வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, தம்பியின் தோளில் கை போட்டு, “மாப்ளே, கொஞ்சம் இப்படி வா” என்று கொல்லைப்பக்கம் கூட்டிப்போவார். கால் மணியில் திரும்பி வருவார்கள். தம்பி கண் சிவந்திருக்கும், மாமா வாய் சிவந்திருக்கும். கிணறு பொது என்று முடிவாகியிருக்கும். என்ன பேசினார்கள் என்பது கொல்லையிலிருக்கும் முருங்கை மரத்துக்கு மட்டும்தான் தெரியும்.

அந்த மாமாவின் வேலையை ஓர் அமெரிக்க ஜனாதிபதி 13 நாள் பார்த்தார். 1978 செப்டம்பர் 5 முதல் 17 வரை. அண்ணன் தம்பி இடத்தில் எகிப்தும் இஸ்ரேலும். கிணற்றுக்குப் பதில் சினாய் பாலைவனம், சுமார் 60,000 சதுர கிலோமீட்டர். கொல்லைப்பக்கமாக வாய்த்தது மேரிலாந்து மாநிலத்து மலைக்காட்டுக்குள் இருக்கும் ஜனாதிபதியின் ஓய்வு முகாம், காம்ப் டேவிட். ரூஸ்வெல்ட் காலத்தில் அதற்கு ஷாங்ரி-லா என்று சொர்க்கலோகப் பெயர். பின்னால் வந்த ஐசனோவருக்கு அது ஏதோ டூரிங் கொட்டகைப் பெயர் மாதிரி பட்டதோ என்னவோ, மாற்றித் தன் பேரன் டேவிட்டின் பெயரை வைத்துவிட்டார். ஐசனோவரின் அப்பா பெயரும் அதுதான். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது நமக்கு மட்டும் சொந்தமில்லை. இந்தப் பேரன் சமாசாரத்தை மட்டும் ஞாபகத்தில் வையுங்கள். கடைசியில் வேண்டியிருக்கும்.

முன்கதை சுருக்கமாக. 1967 ஆறு நாள் போரில் இஸ்ரேல் சினாயை எடுத்துக்கொண்டது. 1973ல் எகிப்து திருப்பி அடித்துப் பார்த்தது. 1977 நவம்பரில் எகிப்து ஜனாதிபதி அன்வர் சதாத், ஜெருசலேமுக்கே விமானம் ஏறிப் போய் இஸ்ரேல் நாடாளுமன்றத்தில் பேசி உலகத்தை அசத்தினார். பிள்ளை வீட்டார் தாமே வலிய வந்து கூடத்தில் உட்கார்ந்த மாதிரி. காபி பலகாரம் எல்லாம் ஆயிற்று, தட்டு மட்டும் மாறவில்லை. ஒன்பது மாதம் இழுத்துப் பார்த்துவிட்டு, 1978 ஆகஸ்டில் அமெரிக்க ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் தன் கையாலேயே இரண்டு கடிதம் எழுதி, வெளியுறவு மந்திரி சைரஸ் வான்ஸிடம் கொடுத்தனுப்பினார்: காம்ப் டேவிட்டுக்கு வாருங்கள், பேசிக்கொள்ளலாம். மூன்று நாளில் முடியும், மிஞ்சிப்போனால் ஒரு வாரம் என்பது அவர் கணக்கு. கல்யாண மண்டபத்தை அரை நாளுக்குப் பேசிவிட்டு அப்புறம் தவிப்பவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு.

பாத்திர அறிமுகம். கார்ட்டருக்கு வயது 53. ஜார்ஜியாவில் கடலை விவசாயம், ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் வேதப்பாடம் நடத்தியவர். மலைக்காற்று பட்டால் மனுஷன் மனசில் பகை தங்காது என்று மனதார நம்பினார். சதாத்துக்கு 59. வாயில் பைப், நடையில் கம்பீரம். இளவயதில் நடிகராக வேண்டும் என்று ஆசைப்பட்டவர், ராணுவத்துக்குப் போன பிறகும் ஆசை முழுக்க விட்டதாகத் தெரியவில்லை. பெரிய காட்சி என்றால் அவருக்கு உயிர், விவரம் என்றால் கொட்டாவி. இஸ்ரேல் பிரதமர் மெனாசெம் பெகினுக்கு 65. வார்சாவில் சட்டம் படித்தவர். காற்புள்ளியையும் சந்தேகத்தோடு பார்ப்பார். கார்ட்டர் வெளுத்த ஜீன்ஸில் திரிந்த அந்தக் காட்டுக்குள் பெகின் கோட்டும் டையுமாக நடமாடினார். மற்ற இருவரும் ஜனாதிபதிகள், தாம் வெறும் பிரதமர், ஆகவே மரியாதை குறையக்கூடாது என்பது அவர் சட்டம்.

முதல் பாடம் முதல் மூன்று நாளிலேயே நடந்தது. இருவரையும் ஓர் அறையில் உட்கார்த்தி மனம்விட்டுப் பேச வைத்தால் போதும் என்று நினைத்திருந்தார் கடலைக்காரர். செப்டம்பர் 6ஆம் தேதி பிற்பகல் சதாத் 11 பக்க அறிக்கை ஒன்றை விரித்து வாசித்தார். பிடித்த நிலத்தையெல்லாம் விடு, நஷ்ட ஈடும் கொடு என்கிற ரீதியில் போனது அது. பெகின் முகம் இறுகிவிட்டது. அந்த அமைதியில் கார்ட்டர், இதை அப்படியே கையெழுத்துப் போட்டுவிட்டால் எல்லாருக்கும் நேரம் மிச்சம் என்று பெகினிடம் ஒரு போடு போட்டார். மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள். அப்படிச் சேர்ந்து சிரித்தது அபூர்வம்.

சிரிப்புக்குப் பின்னால் ஒரு சங்கதி இருந்தது. அன்று காலையே சதாத் கார்ட்டரைத் தனியாகப் பார்த்து, எங்கெங்கே விட்டுக்கொடுக்கத் தயார் என்று ஒரு குறிப்பைக் கையில் கொடுத்துவிட்டார். சபையில் பதினொரு பக்கம் வீறாப்பு, கொல்லைப்பக்கம் ரெண்டு மூணு பக்கம் இறக்கம். மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுகிறவர்களுக்கு இந்த முறை புதிதல்ல.

7ஆம் தேதி கார்ட்டரின் சின்ன அறையில் மூவர் மட்டும். காலையில் மூன்று மணி நேரம் சத்தம். பெகின் அந்த அறிக்கையை வரிவரியாகக் கிழித்தார். சதாத் மேஜையில் குத்தி நிலம், நிலம் என்றார். பிற்பகலில் மறுபடியும் அதே கச்சேரி. கடைசியில் இருவரும் எழுந்து வாசலை நோக்கி நடக்க, உலகத்தின் மிகப் பெரிய வல்லரசின் தலைவர் ஓடிப்போய் வாசலை மறித்துக்கொண்டு நின்றார். தனிப் பேச்சு என்றால் தானாகவே பூ மழை பொழியும் என்று மேடையில் முழங்குகிறவர்கள் இந்தக் காட்சியைக் கொஞ்சம் மனதில் ஓட்டிப் பார்க்கட்டும். மாமியாரையும் மருமகளையும் ஒரே அடுக்களையில் வைத்து வெளியே தாழ்ப்பாள் போட்டால் நிலவுவது சமாதானமில்லை, பாத்திரச் சத்தம்.

அதற்குமேல் கார்ட்டர் இருவரையும் ஒரே மேஜையில் உட்கார வைக்கவே இல்லை. அங்கே கேபின்களுக்கெல்லாம் மரத்தின் பெயர். சதாத்துக்கு டாக்வுட், பெகினுக்கு பிர்ச், கார்ட்டருக்கு ஆஸ்பென். அதாவது ஒருவர் வேப்பமரத்தடி, ஒருவர் புளியமரத்தடி, மாமா அரசமரத்தடி. பத்து நாள் அவர் இரண்டு மரத்துக்கும் இடையே நடந்தார். ஓரிடத்தில் கேட்டதை மறு இடத்தில் இதமாகச் சொன்னார், காரத்தைப் பாதி வழியிலேயே உதிர்த்துவிட்டார். சினாய் ஒப்பந்தத்தின் முதல் வரைவை மஞ்சள் தாளில் தானே கையால் எழுதினார். இரு பக்கமும் ஆளுக்கொரு தாள் எழுதி அடித்துக்கொள்வதற்குப் பதில், மாமாவிடம் மட்டும்தான் தாள். மற்றவர்கள் குறை சொல்லலாம், தனித் தாள் கொண்டுவரக்கூடாது. குறை சொல்லச் சொல்லத் திருத்தி, 23 வரைவு வரைக்கும் போனது என்பார்கள்.

மற்றவர்கள் பொழுதை எப்படிக் கழித்தார்கள்? சைக்கிள் விட்டார்கள், டென்னிஸ் ஆடினார்கள், படம் பார்த்தார்கள். பத்திரிகைக்காரர்களுக்கு உள்ளே அனுமதியே இல்லை. அடிவாரத்தில் துர்மான்ட் என்ற சிற்றூரில் உட்கார்ந்து ஒன்றுமில்லாததைச் செய்தியாக்கிக்கொண்டிருந்தார்கள். பெகினும் கார்ட்டரின் பாதுகாப்பு ஆலோசகர் பிரெசின்ஸ்கியும் செஸ் ஆட உட்கார்ந்தார்கள். 1940ல் சோவியத் ரகசியப் போலீஸ் வந்து பிடித்தபோது ஆடிக்கொண்டிருந்த ஆட்டத்தோடு விட்டதுதான், அதற்கப்புறம் காயைத் தொடவே இல்லை என்று பெகின் உருக்கமாகச் சொன்னார். கேட்டவர் மனமெல்லாம் கனத்துப்போன நேரத்தில் பெகினின் மனைவி வந்தார். பலகையைப் பார்த்துவிட்டு, இவருக்குத்தான் செஸ் என்றால் அவ்வளவு பிரியமாச்சே என்று சந்தோஷமாகப் போட்டு உடைத்தார். எந்தப் பேச்சுவார்த்தைக்கும் வீட்டம்மாவைக் கூட்டிக்கொண்டு போவது உண்மைக்கு நல்லது, ராஜதந்திரத்துக்கு ஆகாது.

இந்தக் கூத்துக்கு நடுவே கார்ட்டர் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார். முழு வித்தையும் அதில்தான் இருக்கிறது. எகிப்துக் குழுவில் தலைவர் இளகியவர், அதிகாரிகள் இறுகியவர்கள். இஸ்ரேல் குழுவில் நேர்மாறு. தலைவர் கருங்கல், சுற்றியிருப்பவர்கள் பரவாயில்லை. ஆகவே எகிப்தோடு பேச வேண்டுமென்றால் அதிகாரிகளைத் தாண்டி நேரே சதாத்தின் கேபினுக்கு நடந்தார். இஸ்ரேலோடு பேச வேண்டுமென்றால் பெகினைச் சுற்றிக்கொண்டு போய், வெளியுறவு மந்திரி மோஷே தயானையோ, பாதுகாப்பு மந்திரி எஸர் வெய்ஸ்மனையோ, சட்ட மூளையான அஹரோன் பராக்கையோ பிடித்தார். 13ஆம் தேதி பராக்கையும் எகிப்தின் ஒசாமா எல்-பாஸையும் மட்டும் வைத்துக்கொண்டு பதினொரு மணி நேரத்துக்கு வாக்கியம் வாக்கியமாக உட்கார்ந்தார். ‘தனியா வாங்க’ என்று கூப்பிடுவது எந்த மாமாவாலும் முடியும். யாரைக் கூப்பிட வேண்டும் என்று தெரிந்தவர்தான் மாமா. அண்ணன் முறைப்பாக இருந்தால் அண்ணியிடம் பேசு என்பதை அமெரிக்க வல்லரசு ஒன்பது நாள் செலவழித்துக் கற்றுக்கொண்டது.

நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, 10ஆம் தேதி, மாறுதலுக்காக எல்லாரையும் கெட்டிஸ்பர்க் போர்க்களத்துக்குக் கூட்டிப்போனார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் அண்ணன் தம்பிகள் வெட்டிக்கொண்டு மடிந்த இடம். மாமா பொருத்தமாகத்தான் தேர்ந்தெடுத்தார். காரில் இருவருக்கும் நடுவே தானே உட்கார்ந்துகொண்டார். பேச்சுவார்த்தையைப் பற்றி வாய் திறக்கக்கூடாது என்பது நிபந்தனை. ராணுவத்திலிருந்து வந்த சதாத்தும் தயானும் போர் நுணுக்கங்களைச் சளசளவென்று பேச, பெகின் வாயே திறக்கவில்லை. லிங்கன் பேசிய இடம் வந்ததும் அந்த உரையை மனப்பாடமாக ஒப்பித்தார். வகுப்பில் கடைசி மணி வரை பேசாமலிருந்துவிட்டு ஆண்டு விழாவில் பரிசு தட்டுகிற ரகம்.

14ஆம் தேதி, சரி, இவர்கள் பேசிப் பார்க்கட்டுமே என்று தயானையும் சதாத்தையும் சந்திக்க வைத்தார்கள். கார்ட்டர் சம்பாதித்து வைத்திருந்த நல்லெண்ணத்தில் பெரும்பகுதி அந்தச் சந்திப்பில் கரைந்தது. சினாயில் இஸ்ரேல் கட்டிய குடியிருப்புகளைக் காலி செய்வது நடவாது என்பது பேச்சின் சாரம். மறுநாள் காலை வான்ஸ் வெளிறிப்போய் ஓடிவந்தார்: சதாத் பெட்டி கட்டிவிட்டார், ஹெலிகாப்டர் கேட்கிறார்.

கார்ட்டர் முதலில் செய்த காரியம் கவனிக்கத்தக்கது. உடுப்பை மாற்றினார். ஜீன்ஸில் போய் ஒருவர் காலைப் பிடிக்க முடியாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஒழுங்கான உடையில் சதாத்தின் கேபினுக்குத் தனியாகப் போனார். நீங்கள் போனால் இரு நாட்டு உறவும் போயிற்று, நம் சிநேகிதமும் போயிற்று என்று நேராகச் சொன்னார். சதாத்தின் உண்மையான பயம் அப்போதுதான் வெளியே வந்தது: இங்கே நான் விட்டுக்கொடுத்ததைப் பிடித்துக்கொண்டு, நாளைக்கு இஸ்ரேல் அதிலிருந்து பேரத்தை ஆரம்பித்தால்? அதற்கு கார்ட்டர் வாக்குக் கொடுத்தார். யாராவது ஒருவர் எந்த ஒரு பகுதியை ஏற்காவிட்டாலும் மொத்தமும் செல்லாது, பேசியதெல்லாம் பேசாததாகிவிடும். சதாத் பெட்டியைப் பிரித்தார்.

பத்துப் பேர் நடுவில் இதைக் கேட்டிருப்பாரா? பயத்தைச் சபையில் யாரும் ஒப்புக்கொள்வதில்லை. சபையில் எல்லாருக்கும் கொள்கைதான் இருக்கும். பயம் இருப்பது கொல்லைப்பக்கம்தான்.

அன்றிரவு நியூ ஆர்லியன்ஸில் முகமது அலிக்கும் லியோன் ஸ்பிங்க்ஸுக்கும் குத்துச்சண்டை. சதாத் அலியின் ரசிகர். காலையில் நாட்டை விட்டே கிளம்பியவர் இரவில் கார்ட்டரையும் துணை ஜனாதிபதி மான்டேலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு தொலைக்காட்சியில் சண்டை பார்த்தார். அலி பட்டத்தைத் திரும்பப் பிடித்தார். மத்திய கிழக்கில் அன்றைக்கு மனப்பூர்வமான ஒருமித்த கருத்து நிலவியது அலி விஷயத்தில்தான்.

இனி கருங்கல். சினாய்க் குடியிருப்பில் ஒன்றைக்கூடக் கைவிட மாட்டேன் என்று பெகின் சொல்லியிருந்தார். ஓய்வு பெற்றதும் அங்கேதான் வீடெடுத்து வாழப்போகிறேன் என்று வேறு ஊரெல்லாம் அறிவித்திருந்தார். அவருடைய குழுவிலிருந்த ஒரு ஜெனரல், ஏரியல் ஷரோனுக்குத் தொலைபேசி போட்டார். குடியிருப்புகளைக் கட்டுவதில் ஷரோனைவிடத் தீவிரமானவர் அந்நாளில் குறைவு. அவரே பெகினை அழைத்து, சமாதானத்துக்காகக் காலி செய்தால் நான் எதிர்க்க மாட்டேன் என்றார். ஊரில் கட்டைப்பஞ்சாயத்துக்குப் பேர் போனவரே ‘விட்டுருங்கண்ணே’ என்று சொன்ன மாதிரி. பெகினும் ஒரு வழி கண்டுபிடித்தார்: நான் விட மாட்டேன், ஆனால் நாடாளுமன்றம் ஓட்டுப் போட்டு முடிவு செய்யட்டும். கொள்கையும் போகவில்லை, காரியமும் கெடவில்லை. நெகேவ் பாலைவனத்தில் இரண்டு விமானத் தளம் கட்ட அமெரிக்கா உதவும் என்றும் ஆயிற்று. சமாதானம் பேசப் போன மாமா கைக்காசு இறங்காமல் வீடு திரும்பியதாகச் சரித்திரம் இல்லை.

17ஆம் தேதி, ஞாயிறு. எல்லாம் முடிந்தது என்று மூச்சு விட்டபோது ஜெருசலேம் பற்றிய ஓர் அமெரிக்கக் கடிதத்தால் பெகின் மறுபடி முறுக்கிக்கொண்டார். அந்தக் கடிதம் இருந்தால் கையெழுத்துக் கிடையாது. இதற்கு முன்பே அவர் கார்ட்டரிடம் மூவரும் சேர்ந்து எடுத்த படத்தில் பேரப்பிள்ளைகளுக்காகக் கையெழுத்துக் கேட்டிருந்தார். கார்ட்டரின் செயலாளர் சத்தமில்லாமல் பெகினின் எட்டுப் பேரப்பிள்ளைகளின் பெயரையும் விசாரித்து வைத்திருந்தார். ஒவ்வொரு படத்திலும் ஒரு பெயர் எழுதிக் கையெழுத்திட்டு, கார்ட்டர் தனியாக பிர்ச் கேபினுக்கு நடந்தார். விறைப்பாக வாங்கிக்கொண்ட பெகின் முதல் படத்தில் பேத்தி பெயரைப் பார்த்தார். உதடு துடித்தது. ஒவ்வொரு பெயராக வாய்விட்டுப் படித்தார், ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் சொன்னார். கண் நிறைந்தது. போரையும் பேரப்பிள்ளைகளையும் பற்றி இரண்டு தாத்தாக்கள் கொஞ்ச நேரம் பேசினார்கள்.

இந்தக் கதையை மேலாண்மை வகுப்புகளில் சொல்லிக் கண் துடைத்துக்கொள்வார்கள். அடுத்த வரியை விட்டுவிடுவார்கள். கார்ட்டர் படத்தோடு அந்தக் கடிதத்தையும் மாற்றி எழுதி வைத்திருந்தார். ஜெருசலேம் பற்றிய அமெரிக்க நிலையை விலாவாரியாக எழுதுவதற்குப் பதில், ஐ.நா.வில் எங்கள் தூதர்கள் முன்பு சொன்னதுதான் எங்கள் நிலை என்று மட்டும் இருந்தது. நிலை மாறவில்லை, உறுத்துகிற வார்த்தை மட்டும் போயிற்று. படம் மனசைத் திறந்தது. உள்ளே வைக்க ஒரு வாக்கியம் கையில் இருந்தது. வெறும் படத்தோடு போயிருந்தால் பெகின் அழுதுவிட்டு, நன்றி சொல்லிவிட்டு, ஊருக்குக் கிளம்பியிருப்பார்.

அன்றிரவே வெள்ளை மாளிகையில் கையெழுத்து. எகிப்தின் வெளியுறவு மந்திரி முகமது இப்ராஹிம் காமெல் அதற்கு முன்பே ராஜினாமா செய்துவிட்டார். பெகின் மேடையில் ஒரு வேடிக்கை சொன்னார்: எகிப்தில் பிரமிடு கட்டிய எங்கள் முன்னோரைவிட கார்ட்டர் அதிகம் உழைத்துவிட்டார். பக்கத்தில் எகிப்து ஜனாதிபதியை வைத்துக்கொண்டு எகிப்தில் அடிமை வேலை பார்த்த கதையைச் சொல்லிச் சிரிக்க வைத்ததைத்தான் அந்த 13 நாளின் உண்மையான சாதனை என்பேன்.

11 நாள் கழித்து இஸ்ரேல் நாடாளுமன்றம் 84க்கு 19 என்று ஓட்டுப் போட்டது. 17 பேர் நடுநிலை. 1979 மார்ச் 26ல் முழு உடன்படிக்கை. 1982 ஏப்ரலில் சினாய் எகிப்துக்குத் திரும்பியது. அந்த இரு நாட்டுக்கும் இடையே அதற்கப்புறம் போர் வரவில்லை. சதாத்துக்கும் பெகினுக்கும் 1978லேயே நோபல் பரிசு. கால் தேய நடந்த மாமாவுக்கு 2002ல்தான். எகிப்தை அரபு லீக் தள்ளி வைத்தது. 1981 அக்டோபர் 6ல் ராணுவ அணிவகுப்பிலேயே சதாத் சுட்டுக் கொல்லப்பட்டார்.

கொல்லைப்பக்கப் பேச்சுக்கு ஒரு தீராத நோயும் உண்டு. 16ஆம் தேதி இரவு, விரல் விட்டு எண்ணக்கூடிய நாலைந்து பேருக்குள், மேற்குக் கரையில் புதுக் குடியிருப்பு கட்டாமல் நிறுத்தி வைப்பதாகப் பெகின் ஒத்துக்கொண்டார். அங்குள்ள பாலஸ்தீனியரின் சுயாட்சிப் பேச்சு முடியும்வரை என்று கார்ட்டர் காதில் விழுந்தது. மூன்று மாதத்துக்கு என்றுதான் சொன்னேன் என்றார் பெகின். முருங்கை மரம் சாட்சி சொல்ல வராது. கட்டடங்கள் எழும்பின.

கையெழுத்தானது இரண்டு ஆவணம். சினாய் பற்றியதில் நிலத்தைக் கொடுப்பவர், வாங்குபவர் இருவரும் அங்கே இருந்தார்கள்; அது நடந்தது. மற்றது மேற்குக் கரை, காசா மக்களின் சுயாட்சி பற்றியது. அது தாளோடு நின்றது. தனியாகக் கூப்பிட்டுப் பேசும் வித்தை கூப்பிடப்பட்டவரிடம் மட்டும்தான் பலிக்கும். 13 நாளும் காம்ப் டேவிட்டில் மரத்துக்கு மரம் கேபின் இருந்தது. ஒன்றில்கூட ஒரு பாலஸ்தீனியர் தங்கவில்லை.